குறிஞ்சிக்கு எந்தச் சாம்பல்?

2018ஆம் வருடக் குறிஞ்சிப் பருவத்தில் கொழுக்குமலைச் சரிவில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த ஆகஸ்ட் வெள்ளம் மூணாற்றுச் சாலைகளைத் துண்டு துண்டாக்கியிருந்தது. மழை ஓய்ந்தபின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில், எலும்பு கழன்றுவிடும் குலுக்கலில் ஏறிப் போனபோது பாதி மலை நீலமாக நின்றது. ஊர் திரும்பியதும் படத்தைக் கணினியில் திறந்து கிரேஸ்கேலுக்கு, அதாவது கறுப்பு வெள்ளைக்கு, மாற்றினேன். பூவைக் காணோம். பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூத்தது ஒரே சொடுக்கில் வெறும் புதராகிவிட்டது.

மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று அன்றைக்கு நினைத்தேன். கோளாறு ஒன்றுமில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை அது ஒழுங்காகப் போட்டிருக்கிறது. அது என்ன கணக்கு, படம் எடுத்தவன் அதில் எங்கே கைவைக்கலாம், கைவைத்தால் இந்த எல்லை மலைகளில் என்னென்ன வம்பு வருகிறது என்று அதற்குப் பிறகு பார்க்கத் தொடங்கியதன் விளைவே இந்தக் கட்டுரை.

எல்லை என்று நான் சொல்வது இரண்டு துண்டு நிலத்தை. ஒன்று வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு எனப் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல். மற்றது மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி என இடுக்கியின் கிழக்கு ஓரம். நடுவில் ஆனைமலை கிடக்கிறது. இரண்டு பக்கமும் தமிழ் புழங்குகிறது. ஆனால் இங்குள்ள வெளிச்சத்துக்கும் அங்குள்ள வெளிச்சத்துக்கும் உறவே கிடையாது.

முதலில் கணக்கு. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதற்கு நிறம் தெரியவைக்க ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதாவது ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் வெளிச்சத்தைப் பெரும்பாலும் பச்சையை வைத்தே அளக்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஆக, கறுப்பு வெள்ளையாகப் பிறக்கும் தகவலை வடிகட்டியால் வண்ணமாக்கி, பிறகு அதை நாம் மறுபடி கறுப்பு வெள்ளையாக்குகிறோம். மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலைதான். ஆனால் அந்தச் சுற்றில்தான் நமக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக்கினால் சாம்பல். எந்த விகிதத்தில் ஒன்றாக்குவது என்பதே கேள்வி. தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் வாய்ப்பாடு சிவப்பில் 29.9 விழுக்காடு, பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 எடுக்கச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, குறிஞ்சி இதழின் எண்கள் 125, 110, 185 என்றும், அதன் இலையின் எண்கள் 95, 125, 60 என்றும் வைத்துக்கொள்வோம். வாய்ப்பாட்டின்படி பூவுக்கு 123, இலைக்கு 109. கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள் உள்ள ஏணியில் இரண்டுக்கும் பதினான்கு படிதான் வித்தியாசம். தூரத்திலிருந்து எடுத்த சரிவில் அதைக் கண் பிரித்தறியாது. என் பூ தொலைந்த கதை இதுதான்.

அதே படத்தில் போட்டோஷாப்பின் டீசாச்சுரேட் கட்டளையைக் கொடுத்தால் வேறு விடை வருகிறது. அது மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. பூ 148, இலை 93. பூ ஓரளவு மீண்டுவிடும். நீல எண்ணை, அதாவது நீலத் தடத்தை மட்டும் எடுத்தால் பூ 185, இலை 60. இருண்ட காட்டில் வெள்ளைப் பூ. பச்சைத் தடத்தை மட்டும் எடுத்தால் இலை 125, பூ 110, அதாவது இலையைவிடப் பூ கறுப்பு. நான்கு விடைகளும் ஒரே படத்திலிருந்து வந்தவை. எது பொய் என்று கேட்டால் நான்கையும் காட்ட வேண்டும், அல்லது எதையுமே காட்டக் கூடாது. நிறத்தை எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சாம்பலைப் பங்கு வைத்திருக்கிறார்.

இந்தப் பங்கீடு கணினியோடு வந்ததல்ல. ஆரம்பகால நெகட்டிவ்களுக்கு நீலம் மட்டுமே உறைக்கும், சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் வானம் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். லின்னேயஸ் டிரைப் 1855இல் பர்மா போனபோது தன் காகித நெகட்டிவ்களில் மேகத்தைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தவர் இவரே. போட்டோஷாப் வருவதற்கு நூற்று முப்பத்தைந்து வருடம் முன்பே வானத்தை மாற்றிவைக்கும் வேலை நடந்திருக்கிறது. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906இல் கடைக்கு வந்தன. அதன்பின் லென்சின் முன்னால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடிகளை மாட்டி சாம்பலைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். 1927இல் ஆன்சல் ஆடம்ஸ் ஒரு மலைமுகட்டைச் சிவப்புக் கண்ணாடி மாட்டி எடுத்து, நீல வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினார். கண் பார்த்த வானத்தை விட்டுவிட்டு, மனதில் பட்ட வானத்தை எடுத்ததாகவே அவர் கடைசிவரை அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார்.

நம் பக்கத்துக் கதையும் சின்னதல்ல. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் செய்தது. பாலக்காட்டின் வடக்கு மலைக்கு அந்தப் பக்கம் நீலகிரி. அந்த ஆலை இன்று இல்லை. மா. கிருஷ்ணன் (1912–1996) வண்ணம் மலிந்த பிறகும் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்ட கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். பச்சைக் காட்டுக்குள் சாம்பல் யானை நிற்பது, கறுப்பு வெள்ளையில் குறிஞ்சியைப் போலவே இக்கட்டான காட்சி. இரண்டும் ஒரே சாம்பலில் கரைந்துவிடும். அவருடைய யானைப் படங்களில் யானையைப் பிரித்துக் காட்டுவது பக்கவாட்டு வெளிச்சமும் தோலின் சுருக்கமும்தான். இன்றைய மென்பொருள் எதுவும் அந்த வெளிச்சத்தைப் பின்னால் கொண்டுவந்து சேர்க்காது.

கருவிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். போட்டோஷாப் 1990இல் வந்தது. அதில் கறுப்பு வெள்ளைக்கென்றே தனி அடுக்கு 2007இன் சிஎஸ்3 பதிப்பில்தான் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலம், நீலம், மெஜந்தா என்று அதில் ஆறு ஸ்லைடர்கள். அதே ஆண்டு வந்த லைட்ரூமில் இன்று எட்டு இருக்கின்றன. காசில்லாமல் வேண்டுமென்றால் கணினிக்கு கிம்ப், டார்க்டேபிள். கைப்பேசிக்கு ஸ்னாப்சீட், அதன் கறுப்பு வெள்ளைப் பகுதியில் பழைய கண்ணாடி வடிகட்டிகளின் பெயரிலேயே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் உண்டு. சில்வர் எஃபெக்ஸ் மாதிரியான துணைமென்பொருள்கள் பழைய பிலிம்களின் துகளையும் மாறுபாட்டையும் போலி செய்து தருகின்றன. துகளைக் கடைசியாகத் தூவிப் படத்துக்கு வயதேற்றும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

இந்த ஸ்லைடர்களுக்கும் பழைய கண்ணாடிக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. கண்ணாடி எல்லாப் பொருளின் வெளிச்சத்தையும் ஒரேமாதிரி வடிகட்டும். நீலக் கண்ணாடி போட்டால் குறிஞ்சியும் வெளுக்கும், வானமும் வெளுக்கும். ஸ்லைடர் நிறச்சாயலைப் பிரித்துப் பிடிக்கிறது. குறிஞ்சியின் ஊதாவை ஏற்றிவிட்டு வானத்தின் நீலத்தை இறக்கலாம். இயற்கையில் எந்தக் கண்ணாடியாலும் முடியாத காரியம். அதற்கு விலையும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு சாயல்களை எதிர்த்திசையில் இழுத்தால், மலை விளிம்பும் வானமும் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். நீலத்தை மிகவும் இறக்கினால் வானத்தில் மணல் கொட்டியதுபோலப் புள்ளிகள் தெறிக்கும். ஜேபெக் கோப்பாக இருந்தால் இன்னும் மோசம். ஜேபெக் இடத்தை மிச்சப்படுத்த நிறத் தகவலைத்தான் முதலில் குறைக்கிறது, நாமோ அந்த நிறத் தகவலை வைத்தே சாம்பலைச் செதுக்குகிறோம். சதுரம் சதுரமாகக் கட்டம் தெரிவது அதனால்தான். லைக்கா 2012இல் வடிகட்டியே இல்லாத, கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் கேமராவைக் கொண்டுவந்தது. கூர்மை அபாரம், விலை பல லட்சம். அதில் எடுத்த படத்துக்கு ஸ்லைடர் எதுவும் உதவாது, லென்சின் முன்னால் பழையபடி கண்ணாடி மாட்ட வேண்டும். சுற்றிச் சுற்றி 1927க்கே வந்து சேர்கிறோம்.

இப்போது நிலத்துக்கு வருவோம்.

மூணாற்றின் தேயிலைச் சரிவு கறுப்பு வெள்ளைக்காகவே வரைந்து வைத்ததுபோல இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஏமாற்றும். முதிர்ந்த இலையும் கொழுந்தும் இரண்டும் பச்சைதானே என்று பச்சை ஸ்லைடரை இழுப்பவர்கள் படம் அசையவில்லையே என்று திகைப்பார்கள். செடிகொடிகளின் பச்சை, கணினியின் கணக்கில் பெரும்பாலும் மஞ்சள் பக்கமே விழுகிறது. கொழுந்து அதைவிட மஞ்சள். மஞ்சள் ஸ்லைடரைச் சற்று ஏற்றி பச்சையைச் சற்று இறக்கினால், கொழுந்து எடுக்க வேண்டிய பாத்தியும் எடுத்து முடித்த பாத்தியும் தனித்தனியாகத் தெரியும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் கண்ணுக்கு எப்போதும் தெரிகிற வித்தியாசம் அது. இலையின் மெழுகுப் பளபளப்பை மட்டும் எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. எடுக்கும்போதே பளபளப்பை வெட்டும் போலரைசர் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு மூடுபனி. அதில் உண்மையான கறுப்பும் இல்லை, உண்மையான வெள்ளையும் இல்லை. ஏணியின் நடுப்படிகளில் மட்டும் ஏறி இறங்குகிற காட்சி. மென்பொருளின் தானியங்கித் திருத்தம் இதை நோய் என்று எண்ணி, இழுத்து இரண்டு முனையிலும் கட்டிவிடும். 2015இல் அடோபி கொண்டுவந்த டீஹேஸ் பனியை ஒரேயடியாகத் துடைக்கிறது. இணையத்தில் உலவும் மூணாற்றுப் படங்களில் பாதி, பனி பெய்த காலையில் எடுத்துப் பனியைத் துடைத்துவிட்டு வெளியிட்டவை. அவ்வளவு பனி வேண்டாமென்றால் மத்தியானம் போயிருக்கலாம். பனியை விட்டுவைக்க நினைப்பவருக்கு 256 படி போதாது, மென்மையான சாய்வில் படிக்கட்டு தெரிய ஆரம்பிக்கும். சென்சார் தகவலை அப்படியே சேமிக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. கேமராவின் திரையை மோனோக்ரோமில் வைத்துக்கொண்டு ராவில் எடுத்தால், பார்ப்பதற்குக் கறுப்பு வெள்ளையாகவும் உள்ளே முழு வண்ணமாகவும் கோப்பு இருக்கும். இது ரா எடுக்கும் பெரும்பாலான கேமராக்களில் காசில்லாமல் கிடைக்கிற வசதி. பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் பிரச்சினை தலைகீழ். மார்ச், ஏப்ரலில் கணவாயில் வெக்கை அலையடிக்கும். கரும்பனைக்குப் பின்னால் இருக்கும் மலை, தூசும் புகையுமாக வெளிறிப் போயிருக்கும். தூரத்து மங்கலில் நீல ஒளியே அதிகம் சிதறி நிற்கிறது என்பதால் சிவப்புத் தடத்தில் பங்கைக் கூட்டினால் மலை தெளியும், நீலத்தைக் கூட்டினால் மலையே மறைந்துவிடும். பனை, எந்தத் தடத்தில் பார்த்தாலும் கறுப்புதான். அதை எடுப்பது எளிது, அதனாலேயே எல்லோரும் எடுத்துவிட்டார்கள். கடினமான படம் ஓட்டுவீடு. செங்கல் நிற ஓட்டின் எண்கள் 160, 80, 55 என்று வைத்தால் வாய்ப்பாட்டுச் சாம்பல் 101. பக்கத்து வயலின் இலையோ 109. கொல்லங்கோட்டில் பச்சை வயலுக்கு நடுவே சிவந்து நிற்கும் வீட்டைக் காட்டினால்தான் அந்த ஊர். வாய்ப்பாட்டுக்கு விட்டால் வீடு வயலில் முங்கிப் போகும். ஓட்டை வெளுப்பதா, கறுப்பதா? வெளுத்தால் மத்தியான வெயில் வந்துவிடும், கறுத்தால் மழை வரப்போவதுபோல ஆகிவிடும். நான் கறுப்பின் பக்கம்.

2024 பிப்ரவரியில் வெளியான 'பிரம்மயுகம்' மலையாளப் படத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. ராகுல் சதாசிவன் இயக்கி, மம்மூட்டி நடித்து, ஷெஹ்நாத் ஜலால் ஒளிப்பதிவு செய்த முழுநீளக் கறுப்பு வெள்ளைப் படம். பாலக்காட்டு மாவட்டத்து ஒற்றப்பாலம் பக்கத்தில் படப்பிடிப்பு நடந்தது. டிஜிட்டல் கறுப்பு வெள்ளை என்றால் பழசின் நகல் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது நல்ல பதில். ஈரச் சுவரும் பாசியும் மழையும் ஒன்றோடொன்று கலக்காமல் அந்தப் படத்தில் நிற்கின்றன. அங்கே நிறம் போனதால் இழப்பு இல்லை, கதை நடப்பதே பழங்காலத்தில்.

இடுக்கித் தோட்டங்களை எடுக்கும்போது இதே உத்தி வேறு வேலை செய்கிறது. என் மனக்குறையின் பெரும்பகுதி இங்கேதான். தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் அது நூறு வருடத்துக்கு முந்தைய படம்போல ஆகிவிடுகிறது. முதுகில் கூடை, பின்னால் லயம் என்னும் வரிசை வீடு, தலையில் துணி. மூணாற்றுத் தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கும் வெள்ளைக்காரர் காலத்துப் படங்களோடு சேர்த்து மாட்டினாலும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பெண் இடுப்பில் சொருகியிருக்கும் கைப்பேசியும், நீல பிளாஸ்டிக் விரிப்பும், தோட்ட நிர்வாகம் தந்த மஞ்சள் மழைக்கோட்டும் சாம்பலில் அடங்கிவிடும். அவள் வரலாறாகிவிடுவாள், அவளுடைய இந்த மாதச் சம்பளம் காணாமல் போய்விடும். 2015 செப்டம்பரில் 20 விழுக்காடு போனஸ் கேட்டு மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்த பெண்களின் 'பெம்பிளை ஒருமை' போராட்டத்தை நினைவில் கொண்டுவந்து பாருங்கள். அந்தச் சேலைகளும் குடைகளும் நிறத்தோடுதான் நினைவுக்கு வரும். அந்தப் படங்களைச் சாம்பலாக்குவதற்குக் காரணம் சொல்ல முடிகிறவரை நான் பார்த்ததில்லை.

தோலின் நிறத்தில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. மனிதத் தோல், எந்த நாட்டுத் தோலாக இருந்தாலும், கணினிக்கு ஆரஞ்சின் வட்டாரம். ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் முகம் வெளுக்கும், பருவும் சுருக்கமும் மறையும். பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் 'டச்சப்' செய்து முகத்தை வெளுப்பாக்கியது இதே ஆசைதான். சிவப்பு தெரியாத பிலிமில் நம் தோல் இருக்கிறதைவிடக் கறுத்து விழுந்ததால், அன்றைக்கு அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவாக்கியிருக்கிறது. சுண்ணாம்பு பூசியதுபோன்ற முகங்கள் அந்தக் காலப் படங்களில் ஏன் வருகின்றன என்று யோசிப்பவர்களுக்கு அந்தத் தொகுப்பு உதவும். இன்று அந்த நியாயமும் கிடையாது. மறுகோடியில் இன்னொரு கூட்டம், ஆரஞ்சை அதலபாதாளத்துக்கு இறக்கி, ஒவ்வொரு சுருக்கத்தையும் உளியால் செதுக்கியதுபோலக் காட்டி 'உழைப்பு' என்று தலைப்பு வைக்கிறது. கறுத்த முகத்தை வெளுக்கவும் வேண்டாம், பாறையாக்கவும் வேண்டாம். பின்னணியை ஒரு படி இறக்கினாலே முகம் தன் நிறத்தில் மேலே வரும்.

செய்திப் படத்தில் இதையெல்லாம் செய்யலாமா? உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் கறுப்பு வெள்ளையாக்குவது தடைசெய்யப்பட்டதல்ல. உக்ரைனில் எடுத்த தெருச்சண்டைப் படம் ஒன்று 2010இல் பரிசு பெற்று, பிறகு தகுதி இழந்தது. எடுத்தவர் படத்தை வெட்டிச் சுருக்கியிருந்தார், கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார், துகள் ஏற்றியிருந்தார். அதெல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னால் தெரிந்த ஒரு பாதத்தின் துண்டை அழித்ததற்காகப் பரிசு போனது. விதி எனக்குப் புரிகிறது, மனம் முழுதும் ஒப்பவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுப் பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைப் பறிகொடுத்த லயங்களின் படத்தைச் சாம்பலாக்கினால் ஒரு பொருளும் அழிவதில்லை. ஆனால் புதுமண்ணின் சிவப்பு அழிகிறது. மலை எங்கே அறுந்தது என்று சொல்லும் சாட்சி அந்தச் சிவப்பு. விதிப்படி குற்றமில்லாத இந்த அழிப்புக்கு எடுத்தவரே பொறுப்பு.

எதிர்த்திசையில் இப்போது ஒரு மோகம். மூணாற்றுப் பக்கத்துக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் சிறு ரயிலாக மாறி, 1924 வெள்ளத்தில் அடித்துப்போன பாதையின் பழைய படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு வண்ணமாக்கிப் பகிர்கிறார்கள். மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 109 என்ற சாம்பல் இலையாக இருக்கலாம், ஓடாக இருக்கலாம், யாரோ ஒருத்தியின் சேலையாகவும் இருக்கலாம். மூன்று எண்களை ஒன்றாக்க வழி உண்டு, ஒன்றிலிருந்து மூன்றை மீட்க வழியில்லை. இயந்திரம் ஊகித்துப் பூசுகிறது. பொழுதுபோக்குக்குச் சரி, ஆவணமென்று சொல்லக் கூடாது.

அச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. கலர் லேபில் கொடுத்தால் சாம்பலில் மெல்லிய பச்சையோ ஊதாவோ ஏறி வரும், வண்ணத் தாளில் மூன்று சாயமும் சேர்ந்தே சாம்பலாக வேண்டியிருப்பதால். ஒரு சிறு துண்டை முதலில் அடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரிதாக்கச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தில் கறுப்பு வெள்ளைப் பக்கம் வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. சுவரொட்டிகளில் கண்ணீர் அஞ்சலிக்குப் பயன்பட்டுப் பழகிய நிறம் அது. எல்லாவற்றையும் சாம்பலாக்கி முந்தானையை மட்டும் சிவப்பாக விடும் வித்தையை ஸ்டூடியோக்கள் இனியாவது கைவிட்டால் நல்லது.

என் கொழுக்குமலைப் படம் இன்னும் முடியவில்லை. ஊதாவை ஏற்றிப் பூவை வெளுத்த ஒரு வடிவம், பனியை அப்படியே விட்ட ஒரு வடிவம், வண்ணத்திலேயே வைத்த ஒன்று என மூன்று இருக்கின்றன. வண்ணக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இத்தனையும் செய்து பார்க்க முடிந்தது. மூணாற்றுச் சரிவுகளில் அடுத்த பெரும்பூப்பு 2030இல். போகிறவர்கள் ராவில் எடுங்கள், வண்ணக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.